65 சதவீதம் என்று சொன்ன பற்றரி: கொக்குவில் மடிக்கணினி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட மடிக்கணினி, யாழ்ப்பாணத்தின் கொக்குவிலில் வசிக்கும் கணித ஆசிரியை ஒருவருடையது. 2015ஆம் ஆண்டில் வாங்கப்பட்ட அது, அடிப்புறத்திலுள்ள இரண்டு பூட்டுகளை விலக்கினால் பற்றரி தனியே கழன்று வரும் பழைய அமைப்பைக் கொண்டது. முதல் சில ஆண்டுகளில் அதற்கு அதிக வேலை இருக்கவில்லை. 2020இலும் 2021இலும் பாடசாலைகள் மூடப்பட்டு, காலை முதல் இரவு வரை இணையவழி வகுப்புகள் நடந்தபோது, சாஜர் செருகிய நிலையிலும் பற்றரி நூறு சதவீதத்திலும் இருக்க, அஸ்பெஸ்ரஸ் கூரையின் கீழுள்ள அறையொன்றில் அது மாதக்கணக்காக இயங்கியது. 2022இல் நிலைமை தலைகீழாக மாறியது. நாடு முழுவதும் மின்வெட்டு நீண்டு, மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை சென்ற அந்த நாட்களில், அதே பற்றரி திரும்பத் திரும்ப வெறுமையாகும்வரை உறிஞ்சப்பட்டது. அதன் பின்னர் பழையபடி சாஜரிலேயே இருந்தது.

என்னிடம் வந்தபோது அதன் குறைபாடு விசித்திரமாக இருந்தது. சாஜரைக் கழற்றினால் கணினி இயங்கும். திரையின் மூலையில் எழுபதுக்கு மேற்பட்ட சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே, எந்த எச்சரிக்கையும் இல்லாமல், யாரோ வயரைப் பிடுங்கியதுபோல் அணைந்துவிடும். பற்றரி தேய்ந்துவிட்டது என்றால் சதவீதம் விரைவாக இறங்க வேண்டும். இங்கே சதவீதம் இறங்கவே இல்லை.

“தம்பி, இதைத் திருப்பி உயிர்ப்பிக்க ஏலாதோ? புதுசு வாங்கிறதெண்டால் பழைய கொம்பியூட்டருக்குக் கட்டாது எண்டினம்” என்று ஆசிரியை கேட்டார். “ரீச்சர், முதல்ல செத்தது பற்றரியோ, அதின்ர கணக்கோ எண்டு பாப்பம்” என்பதே என்னால் அப்போது சொல்லக்கூடியதாக இருந்தது.

கணக்கும் கலமும்

விண்டோஸ் 8 முதற்கொண்டு வந்த பதிப்புகளில், கட்டளைச் சாளரத்தைத் திறந்து பவர்சிஎஃப்ஜி (powercfg) என்ற கட்டளையை பற்றரிரிப்போர்ட் (/batteryreport) என்ற தெரிவுடன் கொடுத்தால், பற்றரியின் வரலாறு முழுவதும் ஓர் அறிக்கையாகக் கிடைக்கும். லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு யூபவர் என்ற கட்டளை அதே விவரங்களைத் தரும். இந்தக் கணினியின் அறிக்கையில், புதிதாக இருக்கும்போது கொள்ள வேண்டிய வடிவமைப்புக் கொள்ளளவு 47,520 மில்லிவாற்று-மணி என்றும், இப்போது நிரப்பினால் கொள்ளும் முழு மின்னேற்றக் கொள்ளளவு 30,890 மில்லிவாற்று-மணி என்றும் இருந்தன. அதாவது 65 சதவீத ஆரோக்கியம். இந்த வயதில் உள்ள ஒரு பற்றரிக்கு அது வெட்கப்பட வேண்டிய எண் அல்ல. அறிக்கையை மட்டும் பார்ப்பவர் குறையைக் கணினியின் வேறு பகுதியிலேயே தேடத் தொடங்குவார்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதை இங்கே விளக்க வேண்டும். பற்றரியின் பிளாஸ்ரிக் உறைக்குள், மின்சக்தியைச் சேமிக்கும் தனித்தனி அலகுகளான கலங்கள் மட்டும் இல்லை. ஒரு சிறு சுற்றுப்பலகையும், உள்ளே போகும் மின்னோட்டத்தையும் வெளியே வரும் மின்னோட்டத்தையும் இடைவிடாது அளந்து கூட்டிக் கழிக்கும் ஒரு சிப்பும் இருக்கின்றன. கடைக் கணக்குப்பிள்ளை ஒருவர் பெட்டியைத் திறந்து காசை எண்ணாமல், வரவையும் செலவையும் மட்டும் ஏட்டில் எழுதிக்கொண்டு போவதைப் போன்றது அதன் வேலை. பற்றரி முழுதாக நிரம்பி, பின்னர் ஒரே இழுப்பில் முழுதாக வெறுமையாகும் சந்தர்ப்பத்தில்தான் அது பெட்டியைத் திறந்து பார்த்துத் தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது. ஆண்டுக்கணக்காகச் சாஜரிலேயே கிடந்த பற்றரிக்கு அந்தச் சந்தர்ப்பம் வாய்ப்பதில்லை. ஆகவே 65 சதவீதம் என்பது இன்றைய அளவீடாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. எப்போதோ செய்த திருத்தத்தின் மீது கட்டிய ஊகமாகவும் இருக்கலாம்.

சிப்பின் சொல்லைச் சிப்பிடமே கேட்டுச் சரிபார்க்க முடியாது என்பதால், அதனோடு தொடர்பில்லாத ஓர் அளவீடு தேவைப்பட்டது. பற்றரியைக் கழற்றி வைத்துவிட்டு, சுவர்ச் செருகியில் பொருத்தும் வாற்றுமானி ஒன்றின் வழியாகக் கணினியைச் சாஜரில் இயக்கினேன். திரையின் வெளிச்சம், மின்சேமிப்புத் தெரிவு, திறந்திருக்கும் செயலிகள் ஆகிய எல்லாவற்றையும் பற்றரியில் இயங்கும்போது இருப்பதைப்போலவே நிறுத்தி வைத்தபோது, வாற்றுமானி சுமார் 14 வாற்றுக் காட்டியது. சாஜரின் வினைத்திறனை 85 சதவீதமளவில் எடுத்துக்கொண்டால், கணினிக்குள் செல்வது ஏறத்தாழ 12 வாற்று. இனிப் பற்றரியை முழுதாக நிரப்பி, அதே சுமையில் அணையும்வரை ஓடவிட்டு, நேரத்தைப் பார்த்தால் போதும். 38 நிமிடம் ஓடியது. 12 வாற்றை 38 நிமிடத்தால் பெருக்கினால் 7.6 வாற்று-மணி. அறிக்கை 30.9 என்கிறது, கடிகாரம் 7.6 என்கிறது. இந்த முறை துல்லியமானது என்று சொல்லமாட்டேன். பத்துச் சதவீதம் முன்பின்னாக இருக்கலாம். ஆனால் நான்கு மடங்கு வித்தியாசத்தைப் பத்துச் சதவீதப் பிழை விழுங்காது.

அடுத்ததாக அளவுதிருத்தம், அதாவது சிப் தன் கணக்கைத் திருத்திக்கொள்ளச் செய்வது. பற்றரியை முழுதாக நிரப்பி, இரண்டு மணித்தியாலம் ஆறவிட்டு, இயங்குதளம் இடையில் உறங்கச் செய்துவிடாதபடி இயங்குதளம் தொடங்குமுன் வரும் பயோஸ் அமைப்புத் திரையில் கணினியை நிறுத்திவைத்து, தானாக அணையும்வரை விட்டு, சில மணித்தியாலம் அப்படியே வைத்திருந்து, பின்னர் இடைநிறுத்தாமல் மீண்டும் நிரப்புவது அதன் நடைமுறை. லெனோவோவின் சில மாதிரிகளிலும் எச்பியின் சில மாதிரிகளிலும் இதையே தானாகச் செய்துதரும் வசதி தயாரிப்பாளரின் மென்பொருளிலோ பயோஸிலோ உண்டு. திருத்தம் முடிந்தபின் முழு மின்னேற்றக் கொள்ளளவு 8,240 மில்லிவாற்று-மணி என்று மாறியது. அதாவது 17 சதவீதம். கடிகாரம் சொன்னதற்கு மிக அருகில்.

“சரிசெய்யத் தந்தனான், நீர் இன்னும் குறைச்சுப்போட்டீர்” என்று ஆசிரியை சிரித்தார். அளவுதிருத்தத்தைப் பற்றிப் பலரிடம் இருக்கும் எதிர்பார்ப்பு அதுதான். அதைச் செய்தால் பற்றரி மீண்டுவிடும் என்று எழுதுவோரும் இருக்கிறார்கள். சில நேரங்களில் எண் கூடவும் செய்யும், ஏனெனில் சிப் முன்பு தேவைக்கு மேலாகக் குறைத்து மதிப்பிட்டிருக்கக்கூடும். கூடினாலும் குறைந்தாலும் கலத்துக்குள் இருக்கும் இலிதியம் ஒரு துளியும் மாறுவதில்லை. இந்த நிகழ்வில் அளவுதிருத்தம் தந்த பயன், கணினி இனி எழுபதில் திடீரென அணையாமல், பத்துக்குக் கீழே இறங்கி எச்சரித்துவிட்டு அணையும் என்பதே. முப்பது நிமிடத்துக்குள் வேலையைச் சேமித்துக்கொள்ளத் தெரிந்தவருக்கு அதுவே போதுமானதாக இருந்திருக்கலாம்.

உறைக்குள்

இவ்வளவு பெரிய வீழ்ச்சி ஏன் என்ற கேள்வி எஞ்சியிருந்தது. 10.8 வோல்ற்று என்று அச்சிடப்பட்ட இத்தகைய பற்றரிக்குள் ஆறு கலங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட உருளை. 18650 என்ற பெயரே அந்த அளவுகளிலிருந்து வந்தது. இரண்டிரண்டு கலங்கள் சமாந்தரமாக இணைந்து சோடியாகின்றன. மூன்று சோடிகள் தொடராக இணைகின்றன. கலமொன்றின் பெயரளவு வோல்ற்றளவு 3.6 என்பதால் மூன்று சோடிக்கு 10.8. சில நிறுவனங்கள் அதையே 3.7 என்று கணக்கிட்டு 11.1 என அச்சிடுவதுண்டு, இரண்டும் ஒன்றே.

ஒட்டிய உறையைத் திறப்பது வீட்டில் செய்யும் வேலை அல்ல. உலோகக் கத்தி வழுக்கிக் கலத்தின் மேலுறையைக் கீறினால் அங்கேயே குறுஞ்சுற்று ஏற்பட்டுத் தீப்பற்றக்கூடும். பற்றரியை வெறுமையாக்கியபின், கண்ணாடி அணிந்து, பிளாஸ்ரிக் அலகினால் மூட்டை மெல்லப் பிரித்து, சோடிகளுக்கிடையிலான சந்திகளிலிருந்து மெல்லிய கம்பிகளை வெளியே எடுத்து, மீண்டும் கணினியில் பொருத்திப் பல்மானியால் அளந்தேன். முழுதாக நிரம்பியதாகக் கணினி அறிவித்த நிலையில் மூன்று சோடிகளும் 4.18, 4.17, 4.05 வோல்ற்று. மறுநாள் பார்த்தபோது முதலிரண்டும் 4.17, 4.16 என்று நின்றன, மூன்றாவது 3.93க்கு இறங்கியிருந்தது. பின்னர் 12 வாற்றுச் சுமையில் அணையும்வரை ஓடவிட்டு, சற்று நேரம் கழித்து அளந்தபோது 3.93, 3.91, 3.12.

புதிருக்கு விடை இந்தக் கடைசி மூன்று எண்களில் இருக்கிறது. கணினி அணைந்த வேளையில் இரண்டு சோடிகள் இன்னும் முக்கால் பங்குக்கு அருகில் நிரம்பியிருந்தன. ஒன்று மட்டும் வற்றிப்போயிருந்தது. தொடரிணைப்பில் எந்தவொரு சோடியும் சுமார் 3 வோல்ற்றுக்குக் கீழே இறங்கும்போது பாதுகாப்புச் சுற்று முழுப் பற்றரியையும் துண்டித்துவிடும். மற்றவற்றில் எஞ்சியிருப்பதை யாரும் எடுக்க முடியாது. எனவே சிப் முன்பு சொன்ன 65 சதவீதமும் முழுப் பொய் அல்ல. நான்கு கலங்களைப் பொறுத்தவரை அது உண்மைக்கு நெருக்கமாகவே இருந்திருக்கும். மூன்றாம் சோடியின் நிக்கல் பட்டியை வெட்டி இரண்டு கலங்களையும் தனித்தனியே வைத்தபோது, ஒன்று தன் வோல்ற்றளவைக் காத்துக்கொண்டது. மற்றது ஓர் இரவுக்குள் தானாகவே வடிந்தது. ஆறில் ஒன்று, தன் சோடியையும் இழுத்துக்கொண்டு, முழு அடுக்கையும் முடக்கியிருந்தது.

அந்தக் கலம் பற்றரியின் எந்த முனையில் இருந்தது என்பதையும் குறித்துக்கொண்டேன்: சூடான காற்றை விசிறி வெளியே தள்ளும் துவாரத்தை ஒட்டிய முனை. ஒரு நிகழ்வை வைத்துக் காரணத்தை உறுதியாக நிறுவ முடியாது. ஆயினும் இலிதியம் அயன் கலத்தின் முதுமையைப் பற்றி அறியப்பட்டவற்றோடு இது பொருந்துகிறது. அத்தகைய கலத்தில் மின்னேற்றத்தின்போது இலிதியம் அயன்கள் பென்சிற்கரி மின்வாய்க்குள் புகுகின்றன. அந்த மின்வாயின் மேற்பரப்பில், அயன்கள் நகரும் திரவமான மின்பகுபொருள் சிதைந்து ஒரு மெல்லிய படலம் உருவாகிறது. படலம் தடிக்கத் தடிக்க இலிதியம் அதற்குள் சிறைப்படுகிறது, அகத்தடையும் கூடுகிறது. பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் இந்தத் தாக்கம் நிற்பதில்லை. வெப்பமும், நூறு சதவீதத்துக்குரிய உயர் வோல்ற்றளவும் சேர்ந்தால் அது விரைவுபடுகிறது. பரவலாக எடுத்தாளப்படும் அட்டவணை ஒன்றின்படி, 25 பாகை செல்சியசில் 40 சதவீத மின்னேற்றத்துடன் ஓராண்டு வைத்திருக்கப்பட்ட கலம் சுமார் 96 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கிறது. 40 பாகையில் முழு மின்னேற்றத்துடன் வைத்திருந்தால் எஞ்சுவது சுமார் 65 சதவீதம். சித்திரை மாதத்து யாழ்ப்பாணத்தில், அஸ்பெஸ்ரஸ் கூரையின் கீழ், இயங்கும் கணினியின் வயிற்றுக்குள் 40 பாகை என்பது அசாதாரணமான வெப்பநிலை அல்ல. இந்தப் பற்றரியைக் கொன்றவை 2022இன் மின்வெட்டுகளே என்று ஆசிரியை நம்பியிருந்தார். என் கணிப்பில், அதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளின் ஓயாத நூறு சதவீதமே பெரும் பங்கைச் செய்திருக்க வேண்டும். மின்வெட்டுக் காலம் அந்தச் சேதத்தை வெளியே கொண்டுவந்தது.

உயிர்ப்பிக்கும் யோசனைகள்

இதற்கிடையில் அயலவர்களிடமிருந்தும் உறவினர்களிடமிருந்தும் யோசனைகள் வந்தவண்ணம் இருந்தன. அவற்றை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் ரோச் லைற்றுக்குப் போடும் பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த ஊர் இது. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறைக்கு, முடிந்துபோன பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் சிறிது நேரம் உழைக்கச் செய்வது அன்றாடப் பழக்கம். நாகம், கரி கொண்ட அந்தப் பழைய வகைக் கலத்தில் வெப்பம் இரசாயனத் தாக்கத்தைச் சற்றுத் தூண்டி, எஞ்சியதைக் கொஞ்சம் வெளியே தள்ளும். இலிதியம் அயன் கலத்தை வெயிலில் வைத்தால், மேலே சொன்ன படலம் இன்னும் தடிக்கும், அவ்வளவே நடக்கும்.

குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வைக்கும் யோசனையும் வந்தது. குளிர் தானாக வடிவதை மந்தப்படுத்தும் என்பது உண்மை. சிறைப்பட்ட இலிதியத்தை அது விடுவிக்காது. வெளியே எடுக்கும்போது உள்ளே நீர் படிந்து சுற்றுப்பலகையை அரிக்கும் என்பது கூடுதல் பாதகம். மாதம் ஒருமுறை முற்றாக வெறுமையாக்கி நிரப்ப வேண்டும் என்ற அறிவுரை நிக்கல்-கட்மியம் பற்றரிகளின் காலத்திலிருந்து வந்தது. அவற்றில் அரைகுறையாகப் பயன்படுத்தினால் கொள்ளளவு சுருங்கிவிடும் தன்மை இருந்தது. சோனி நிறுவனம் இலிதியம் அயன் கலத்தை 1991இல் சந்தைக்குக் கொண்டுவந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த அறிவுரை மட்டும் ஓய்வுபெறவில்லை. இலிதியம் அயன் கலத்துக்கு ஆழமான மின்னிறக்கம் தேய்மானத்தையே தரும். சிப்பின் கணக்கைத் திருத்துவதற்காக எப்போதாவது ஒருமுறை செய்தால் போதும்.

ஓரளவு அடிப்படை உள்ள யோசனை ஒன்று உண்டு: வெளியிலிருந்து சிறு மின்னோட்டம் கொடுத்து எழுப்புவது. நீண்ட நாள் பயன்படுத்தாமல் விடப்பட்டதால் கலங்கள் மிகவும் கீழே இறங்கி, பாதுகாப்புச் சுற்று உறங்கிவிட்ட பற்றரியில் அது சில வேளைகளில் பலிக்கும். ஆனால் கலமொன்று 1.5 வோல்ற்றுக்குக் கீழே நாட்கணக்காகக் கிடந்திருந்தால், எதிர்மின்வாயின் செப்புத் தகடு கரைந்து, மீண்டும் நிரப்பும்போது உள்ளேயே பாலம்போல் படிந்து குறுஞ்சுற்றை உண்டாக்கும் அபாயம் இருப்பதால், அத்தகைய கலத்தை எழுப்பக் கூடாது. நமது பற்றரிக்கு இந்த வழி பொருந்தவும் இல்லை. அது உறங்கவில்லை, ஒரு கலம் உள்ளுக்குள் கசிந்துகொண்டிருந்தது.

இனி, பழுதான கலத்தை மட்டும் மாற்றுவது. ஆசிரியையின் மாணவன் ஒருவன் இதை ஆர்வத்தோடு முன்வைத்தான். காகிதத்தில் அது நியாயமாகவே தெரியும். தடைகள் ஐந்து. புதிய கலத்தின் கொள்ளளவு மற்ற ஐந்தினதையும் விட மிக அதிகமாக இருக்கும் என்பதால் சோடிகளுக்கிடையிலான சமநிலை வேறொரு வகையில் குலையும். அந்த ஐந்தும் ஒரே வெப்பத்தில் ஒரே காலம் வாழ்ந்தவை என்பதால் அடுத்தது எது என்ற கேள்வியே எஞ்சும். கலங்களைச் சூட்டுக்கோலால் ஈயம் பிடித்து இணைத்தால் அந்தச் சூடே, உள்ளே மின்வாய்களைப் பிரித்துவைக்கும் மென்தாளான உட்பிரிப்பானைச் சேதப்படுத்தும். அதற்குப் பதிலாக, நிக்கல் பட்டியைப் புள்ளி புள்ளியாக உருக்கி இணைக்கும் கருவி வேண்டும். கலங்களைக் கழற்றும்போது மின்சாரம் இழக்கும் சிப்கள் சில, தாம் நிரந்தரமாகப் பழுதடைந்ததாகப் பதிந்துகொண்டு பூட்டிக்கொள்ளும். அதைத் திறக்கத் தனி மென்பொருளும் இடைமுகமும் தேவை. ஐந்தாவது தடை சந்தை: 9,900 மில்லிஅம்பியர்-மணி என்று அச்சிட்ட 18650 கலங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன, ஆனால் பெயர்பெற்ற நிறுவனங்களின் உயர்தரக் கலங்களே 3,500ஐ ஒட்டித்தான் நிற்கின்றன. பொய் சொல்லும் கலத்தைத் தெரிந்தே பற்றரிக்குள் வைப்பதற்கு நான் உடன்படவில்லை.

வாங்கியதும் அளந்ததும்

ரொறன்ரோவிலுள்ள மகன் அங்கிருந்து பற்றரி அனுப்பிவைக்க ஆயத்தமாக இருந்தார். தனியாகப் பொதிசெய்யப்பட்ட இலிதியம் அயன் பற்றரிகளைப் பயணிகள் விமானங்களில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. பயணி ஒருவர் 100 வாற்று-மணிக்கு உட்பட்ட மேலதிகப் பற்றரியைக் கைப்பொதியில் கொண்டுவரலாம். பதிவுசெய்யும் பயணப் பெட்டிக்குள் வைக்க முடியாது. 48 வாற்று-மணி அந்த வரம்புக்குள் அடங்கும். நல்லூர்த் திருவிழாவுக்கு யாராவது வரும்வரை காத்திருக்க ஆசிரியைக்கு அவகாசம் இல்லாததால், யாழ் நகரில் ஒரு கடையில் வாங்குவதென்று முடிவாயிற்று.

இவ்வளவு பழைய மாதிரிக்குத் தயாரிப்பாளரின் அசல் பற்றரி கிடைத்தாலும், அது ஆண்டுக்கணக்காகக் களஞ்சியத்தில் கிடந்ததாக இருக்கும். பெட்டி திறக்காமலே முதுமை அடைந்திருக்கும். ஆகவே வேறு நிறுவனங்கள் செய்யும் மாற்றுப் பற்றரிகளே நடைமுறைத் தெரிவு. பாகத்தின் எண் பொருந்த வேண்டும், வோல்ற்றளவு 10.8 ஆகவோ 11.1 ஆகவோ இருக்கலாம், நான்கு கலத் தொடருக்குரிய 14.4 ஆகவோ 14.8 ஆகவோ இருக்கக் கூடாது. இவற்றைச் சரிபார்த்து வாங்கிய முதலாவது பற்றரியின் உறையில் 5,200 மில்லிஅம்பியர்-மணி என்று இருந்தது. பழையது 4,400 என்பதால் இலாபம்போல் தோன்றியது. கணினியின் அறிக்கையிலும் வடிவமைப்புக் கொள்ளளவு 56,160, முழு மின்னேற்றக் கொள்ளளவும் அதே 56,160. இரண்டும் கடைசி இலக்கம் வரை ஒத்திருந்ததுதான் ஐயத்தை எழுப்பியது. உண்மையாக அளக்கும் சிப்பில் அப்படி நேர்வது அரிது.

பக்கத்துப் பலசரக்குக் கடையின் இலத்திரனியல் தராசில் இரண்டையும் நிறுத்தேன். பழையது 322 கிராம், புதியது 228. தரமான 18650 கலம் ஒன்று 45 கிராமுக்குக் குறையாது. உறைக்கும் சுற்றுப்பலகைக்கும் 45 கிராமைக் கழித்துவிட்டால், புதியதில் கலமொன்றுக்கு 30 கிராமே எஞ்சுகிறது. இலிதியம் அயன் கலத்தின் கொள்ளளவு உள்ளே சுருட்டப்பட்டுள்ள தகடுகளின் அளவைப் பொறுத்தது. நிறை குறைந்தால் அந்தத் தகடுகளும் குறைந்திருக்க வேண்டும். 12 வாற்றுச் சோதனையில் அது 2 மணி 10 நிமிடம் ஓடியது. 26 வாற்று-மணி, அச்சிட்டதில் பாதிகூட இல்லை.

கடைக்காரர் தகராறு செய்யாமல் மாற்றித் தந்தார் என்பதைப் பதிவுசெய்ய வேண்டும். “ரீச்சர், எல்லாரும் நம்பரைத்தான் பாக்கினம், ஆரும் நிறுத்துப் பாக்கிறேல்லை” என்று அவர் சொன்னதில் ஒரு வணிக உண்மை இருந்தது: பெரிய எண் அச்சிட்டதே முதலில் விற்பனையாகிறது, ஆகவே அதுவே அதிகம் இறக்குமதியாகிறது. 2022இல் ஒரு டொலரின் விலை சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்வரை ஏறியபின், மலிவானதையே தேடும் வாடிக்கையாளர் தொகை குறைந்திருக்க நியாயமில்லை. இரண்டாவதாக அவர் எடுத்துத் தந்த பற்றரியில் 4,400 என்றே இருந்தது, விலையும் கூட. நிறை 315 கிராம். அதே சோதனையில் 3 மணி 35 நிமிடம், 43 வாற்று-மணி. வடிவமைப்பின் 90 சதவீதம் என்பது மாற்றுப் பற்றரிக்கு ஏற்றுக்கொள்ளத்தக்கது என்று கருதி அதை நிரந்தரமாகப் பொருத்தினோம்.

இந்தச் சோதனைக்குக் கருவியாக வேண்டியவை தராசு, கடிகாரம், வாற்றுமானி ஆகிய மூன்றுமே. வாற்றுமானி இல்லாதவர்கூட, பழைய பற்றரி புதிதாக இருந்தபோது எவ்வளவு நேரம் தாங்கியது என்ற நினைவோடு ஒப்பிடலாம். உத்தரவாதக் காலத்தின் முதல் வாரத்திலேயே இதைச் செய்துவிட வேண்டும் என்பதே என் பரிந்துரை. ஆறு மாதம் கழித்துத் திருப்பிக் கொடுக்கும் பற்றரியைப் பற்றிக் கடைக்காரர், நீங்கள்தான் தேய்த்துவிட்டீர்கள் என்று சொன்னால் மறுத்துக்காட்ட வழியிருக்காது.

பொருத்திய பின்

தயாரிப்பாளரின் மென்பொருளில் மின்னேற்ற உச்சவரம்பை 80 சதவீதமாக வைத்தோம். லெனோவோ, டெல், ஆசுஸ் முதலிய நிறுவனங்கள் பல மாதிரிகளில் இந்த வசதியை வெவ்வேறு பெயர்களில் தருகின்றன. உச்ச வோல்ற்றளவைக் கலமொன்றுக்கு 4.2இலிருந்து 4.1ஆகக் குறைத்தாலே அதன் சுழற்சி ஆயுள், அதாவது நிரப்பி வெறுமையாக்கக்கூடிய தடவைகள், ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. ஆசிரியைக்கு இது உடனே பிடிக்கவில்லை. முழுக் காசு கொடுத்து வாங்கியதில் ஐந்திலொரு பங்கை ஏன் விட வேண்டும் என்பது அவருடைய வாதம். மின்வெட்டு நாட்களைக் கண்ட எவரும் அப்படித்தான் கேட்பார். சாதாரண நாட்களில் 80, இலங்கை மின்சார சபையின் பராமரிப்பு மின்தடை அறிவித்தல் வந்தால் முதல் நாள் இரவே 100 என்ற உடன்பாட்டுக்கு வந்தோம். கணினியை மேசையின் ஓரத்துக்கு, வெளியேறும் சூடான காற்று சுவரில் பட்டுத் திரும்பாத இடத்துக்கு நகர்த்தியதும் அதே நோக்கத்தில்தான். விசிறியிலும் வெப்பத் தகட்டிலும் அடைந்திருந்த சோளகக் காற்றுத் தூசியை ஊதி எடுத்தபோது, அதே வேலைக்கு விசிறி முன்பைவிட மெதுவாகச் சுழன்றது.

பழைய பற்றரியின் நான்கு நல்ல கலங்களையும் கொண்டு கையடக்க மின்சேமிப்பி செய்யலாமா என்று மாணவன் கேட்டான். ஒரே வெப்பத்தில் வெந்த கலங்களைச் சமாந்தரமாக இணைத்துப் படுக்கையறையில் வைப்பதற்கு நான் இசையவில்லை; பாதுகாப்புச் சுற்றுள்ள ஒற்றைக் கல ரோச் லைற் ஒன்றுக்கு ஒரு கலத்தை மட்டும், நாட்கணக்கில் வோல்ற்றளவு நிலைத்து நிற்பதைப் பார்த்தபின் கொடுத்தேன். மீதியைக் குப்பையோடு சேர்க்க வேண்டாம் என்பதை ஆசிரியையிடம் அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது, ஏனெனில் பனையோலையையும் சருகையையும் வளவின் மூலையில் கூட்டிக் கொளுத்தும் வழக்கம் இங்கே இன்னும் பரவலாக இருக்கிறது. நெருப்புக்குள் விழும் இலிதியம் அயன் கலம் வெடித்துச் சிதறும். எரியும் மின்பகுபொருளிலிருந்து வரும் புகையும் நச்சு. ஐந்து கலங்களினதும் இரு முனைகளையும் காப்பு நாடாவால் மூடி, உலர்ந்த மணல் இட்ட தகரப் பெட்டியில் வைத்து, மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி பெற்ற இலத்திரனியல் கழிவு சேகரிப்பாளரிடம் ஒப்படைப்பதற்காக, சமையலறையிலிருந்து தள்ளியுள்ள கொட்டிலில் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.